மேசைக் கதைவிளையாட்டுகளும் திறந்த உரிமமும்: எமது பிள்ளைகள் எழுதுவது யாருக்குச் சொந்தம்?

புலம்பெயர் நாடுகளில் பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள எமது வீடுகள் சிலவற்றில் இப்போது ஒரு புதிய காட்சியைக் காண முடிகிறது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்து வந்ததும் நான்கைந்து பிள்ளைகள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். மேசையில் தாளும் பென்சிலும் பல முகங்கள் கொண்ட வண்ணப் பகடைகளும் கிடக்கின்றன. ஒருவர் கதை சொல்கிறார். மற்றவர்கள் "நான் கதவைத் தள்ளிப் பார்க்கிறன்", "நான் மரத்துக்குப் பின்னால ஒளிக்கிறன்" என்று தமிழும் வதிவிட நாட்டு மொழியும் கலந்து பதில் சொல்கிறார்கள். பகடை உருள்கிறது. எட்டிப் பார்த்த அம்மம்மா "என்ன பிள்ளையள், சூதோ?" என்று கேட்கிறார்.

சூது அல்ல. ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் அக்கதையில் ஆளுக்கொரு பாத்திரமாகி முடிவுகளை எடுக்கும் விளையாட்டு இது. எடுத்த முடிவு பலிக்குமா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இவ்வகை விளையாட்டுகளில் முதலில் அச்சில் வந்ததும் இன்றும் பெயர் பெற்றதும் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் ஆக்கிய இவ்விளையாட்டை டிஎஸ்ஆர் என்ற சிறு நிறுவனம் 1974இல் வெளியிட்டது. முதலில் அச்சிடப்பட்டவை 1,000 பிரதிகள்.

இந்த மேசையில் விளையாடும் பிள்ளைகளுள் சிலர் சில மாதங்களில் தாமே கதை எழுதத் தொடங்கிவிடுவார்கள். ஊர்ப் பெயர் வைத்த கோட்டை, அம்மம்மா சொன்ன முனிக் கதை, வன்னிக் காடு என எல்லாம் அதற்குள் வரும். பிறகு ஒருநாள் "இதை இணையத்தில விக்கலாமோ?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பெற்றோராகிய நாம் என்ன பதில் சொல்வது? யாரோ ஒருவரின் விளையாட்டு விதிகளை வைத்து எழுதிய கதை யாருக்குச் சொந்தம்? கடந்த 50 ஆண்டுகளில் இக்கேள்வியின் மேல் நிறுவனங்கள் எழுந்தன, விழுந்தன, வழக்காடின. அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது எமது பிள்ளைகளின் உழைப்பைக் காக்க உதவும்.

விதி ஒன்று, எழுத்து வேறு

முதலில் அடிப்படைச் சட்டத்தைப் பார்ப்போம். கிளித்தட்டுக்கோ தாயத்துக்கோ எவரும் பதிப்புரிமை கோர முடியாது. ஒரு விளையாட்டை எப்படி விளையாடுவது என்ற முறைமையைப் பதிப்புரிமைச் சட்டம் காப்பதில்லை. அம்முறைமையை விளக்கி ஒருவர் எழுதிய வசனங்களையும் வரைந்த படங்களையும் மட்டுமே அது காக்கிறது. இவ்வேறுபாட்டுக்கு அமெரிக்காவில் அடித்தளமாக இருப்பது 1879ஆம் ஆண்டின் 'பேக்கர் எதிர் செல்டன்' என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பு. வழக்கு விளையாட்டைப் பற்றியதல்ல, கணக்கேடு எழுதும் முறை பற்றியது. கணக்கு முறையை விளக்கும் நூலுக்குப் பதிப்புரிமை உண்டு, கணக்கு முறைக்கு இல்லை என நீதிமன்றம் கூறியது.

அப்படியானால் உரிமம் எதற்கு? நடைமுறையில் எல்லைக்கோடு தெளிவாக இல்லை என்பதே காரணம். "இருபது முகப் பகடையை உருட்டி ஓர் எண்ணைக் கூட்டு" என்பது விதி. ஆனால் ஒரு மந்திரத்தின் பெயர், அதன் வர்ணனை, ஓர் அரக்கனின் தோற்றம், குணம், பலம் என்பவற்றில் எது விதி, எது படைப்பு? இதை முடிவாகச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். நீதிமன்றம் போகப் பணம் வேண்டும். சிறு பதிப்பாளரிடம் அது இல்லை. ஆகவே சட்டம் அவர் பக்கம் இருந்தாலும் பயம் அவரை நிறுத்திவிடும். திறந்த உரிமம் இந்தப் பயத்தை நீக்குவதற்காக வந்த ஏற்பாடு.

வெளியார் எழுதுவதை இவ்விளையாட்டு வேண்டி நிற்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். சதுரங்கப் பலகையை ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுவதும் போதும். கதைவிளையாட்டு அப்படியல்ல. வாரந்தோறும் விளையாடும் குழு ஒரு கதையைச் சில வாரங்களில் முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்கும். அத்தனை கதைகளையும் ஒரே நிறுவனம் எழுதிக் கொடுக்க முடியாது.

அனுமதியும் வழக்கும்

தொடக்கத்தில் டிஎஸ்ஆர் நிறுவனம் தனித்தனியாக அனுமதி வழங்கியது. இலினோய் மாநிலத்தில் 1976இல் தொடங்கிய 'ஜட்ஜஸ் கில்ட்' என்ற சிறு பதிப்பகம் அவ்வாறு அனுமதி பெற்று வரைபடங்களையும் கதைகளையும் வெளியிட்டது. 1980களில் 'மேஃபெயர் கேம்ஸ்' என்ற நிறுவனம் 'ரோல் எய்ட்ஸ்' என்ற வரிசையில், டிஎஸ்ஆரின் விளையாட்டோடு சேர்த்துப் பயன்படுத்தக்கூடிய நூல்களை வெளியிட்டது. இரு தரப்புக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டபோதும் 1990களின் தொடக்கத்தில் விவகாரம் மீண்டும் நீதிமன்றத்துக்குப் போனது. முடிவில் அந்த வரிசையை டிஎஸ்ஆரே வாங்கிக்கொண்டது.

வெளியாரைத் துரத்திய நிறுவனத்தின் சொந்த நிலையும் நன்றாக இருக்கவில்லை. கடன் பெருகி, புதிய நூல்களை அச்சிடவும் வழியில்லாத கட்டத்தில், 1997இல் டிஎஸ்ஆரை 'விஸார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட்' என்ற நிறுவனம் வாங்கியது. 'மஜிக்: த கதரிங்' என்ற சீட்டு விளையாட்டால் பெரும் பணம் ஈட்டிய நிறுவனம் அது. 1999இல் அதைப் பொம்மை உற்பத்தி நிறுவனமான ஹஸ்ப்ரோ வாங்கியது.

ஒரு நிறுவனம் மூழ்கினால் அதன் கையிலுள்ள விளையாட்டும் மூழ்கிவிடக்கூடும் என்பதை 1997 காட்டியது. விஸார்ட்ஸில் அப்போது பொறுப்பிலிருந்த ரயன் டான்சி இதை உணர்ந்திருந்தார். எந்த முதலாளி வந்தாலும் இவ்விளையாட்டு அழியாதபடி செய்வது தமது நோக்கங்களில் ஒன்று எனப் பின்னர் அவர் கூறியிருக்கிறார். வியாபாரக் கணக்கும் இருந்தது. வெளியார் கதை எழுத எழுத அடிப்படை விதிநூல் அதிகம் விற்கும். அக்காலத்தில் கணினி உலகில் ரிச்சர்ட் ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் உரிமம் வேரூன்றியிருந்தது. டான்சி அந்த எண்ணத்தை மேசை விளையாட்டுக்குக் கொண்டுவந்தார்.

2000: இரண்டு பத்திரங்கள்

2000ஆம் ஆண்டில் விளையாட்டின் மூன்றாம் பதிப்போடு விஸார்ட்ஸ் நிறுவனம் இரண்டு உரிமங்களை வெளியிட்டது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எம்மவர் எளிதில் விளங்கிக்கொள்வர். காணி விடயத்தில் 'உறுதி' என்றால் என்ன, 'அனுமதிப்பத்திரம்' என்றால் என்ன என்பது எமக்குத் தெரியும். உறுதி உள்ள காணி எமது காணி. அனுமதிப்பத்திரக் காணியில் வீடு கட்டலாம், தென்னை வைக்கலாம், பரம்பரையாக இருக்கலாம். ஆனால் கொடுத்தவரின் நிபந்தனை எப்போதும் தலைக்கு மேல் இருக்கும்.

முதலாவது, 'டி20' என்ற வர்த்தகக் குறிக்கான உரிமம். அந்த இலச்சினையை அட்டையில் போட்டுக்கொள்ளலாம், கடைக்காரரும் வாடிக்கையாளரும் உடனே அடையாளம் காண்பார்கள். ஆனால் நிபந்தனைகளை விஸார்ட்ஸ் மாற்றலாம், உரிமத்தையே நிறுத்தலாம். இது அனுமதிப்பத்திரம் போன்றது.

இரண்டாவது, 'ஓப்பன் கேம் லைசென்ஸ்', சுருக்கமாக ஓஜிஎல். அதனுடன் விளையாட்டின் அடிப்படை விதிகளைத் தொகுத்த எஸ்ஆர்டி என்ற ஆவணமும் இலவசமாக வந்தது. அந்த ஆவணத்திலுள்ளவற்றை எவரும் படியெடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். பணம் கட்டத் தேவையில்லை. பதிலுக்குச் சில கடமைகள். உரிமத்தின் முழுப் பாடத்தையும் நூலில் அச்சிட வேண்டும். யார் யாருடைய ஆக்கத்தைப் பயன்படுத்தினோம் என்ற பட்டியலைத் தொடர வேண்டும். தமது நூலில் எந்தப் பகுதி திறந்தது, எந்தப் பகுதி தமக்கே உரியது எனப் பிரித்துக் காட்ட வேண்டும். பிறருடைய வர்த்தகக் குறியைச் சொல்லி "இந்த விளையாட்டுக்குப் பொருந்தும்" என்று தனி அனுமதியின்றி விளம்பரம் செய்யக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையால், சாதாரண சட்டத்தின் கீழ் ஓரளவு இருந்திருக்கக்கூடிய ஒரு சுதந்திரத்தைப் பதிப்பாளர் விட்டுக்கொடுத்தார்.

ஓஜிஎல் தன்னை 'நிரந்தரமானது' எனக் கூறிக்கொண்டது. ஆகவே எல்லோரும் அதை உறுதி என்றே எடுத்துக்கொண்டனர். விஸார்ட்ஸும் அவ்வாறே விளக்கியது. பின்னர் ஏதாவது மாற்றம் வந்து அது பிடிக்காவிட்டால் பழைய வடிவத்தையே தொடர்ந்து பயன்படுத்தலாம் என நிறுவனத்தின் 2004ஆம் ஆண்டுக் கேள்வி பதில் கூறியது. ஆனால் 'மீளப்பெற முடியாதது' என்ற சொல் அந்த உரிமத்தில் இருக்கவில்லை. 23 ஆண்டுகள் கழித்து அந்த இல்லாத சொல்லே பெரும் பிரச்சினையானது.

உரிமம் வந்ததும் சிறு பதிப்பகங்கள் பெருகின. 2000ஆம் ஆண்டு ஜென் கொன் என்ற விளையாட்டு மாநாட்டில் மூன்றாம் பதிப்பின் விதிநூல் விற்பனைக்கு வந்தபோதே, அட்லஸ் கேம்ஸ், கிரீன் ரொனின் ஆகிய நிறுவனங்களின் கதை நூல்களும் பக்கத்தில் விற்பனைக்கு இருந்தன. கிரீன் ரொனின் இன்றும் இயங்குகிறது. ஆனால் எல்லாமே வெற்றிக் கதையல்ல. தரமற்ற நூல்கள் கடைகளில் குவிந்தன. 2003இல் விஸார்ட்ஸ் மூன்றரைப் பதிப்பை வெளியிட்டபோது பழைய நூல்கள் அலுமாரிகளில் தேங்கின. பல சிறு பதிப்பகங்கள் மூடப்பட்டன. எழுதலாம் என்ற அனுமதியை மட்டுமே திறந்த உரிமம் தருகிறது. எழுதியது விற்கும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

பாத்ஃபைண்டர் தந்த பாடம்

2008இல் நான்காம் பதிப்பு வந்தது. அதற்கு ஓஜிஎல் வழங்கப்படவில்லை. கடுமையான நிபந்தனைகள் கொண்ட வேறோர் உரிமம் வந்தது. அதை விஸார்ட்ஸ் எந்த நேரமும் மாற்றலாம். டி20 இலச்சினை உரிமமும் நிறுத்தப்பட்டது. அந்த இலச்சினையை நம்பி அட்டை அச்சிட்டவர்கள் கையைப் பிசைந்தனர்.

அதே வேளை, விளையாட்டின் இரு பழைய சஞ்சிகைகளைப் பல ஆண்டுகள் உரிமம் பெற்று நடத்திய பைசோ என்ற நிறுவனத்திடமிருந்து அந்தச் சஞ்சிகைகளும் 2007இல் மீளப் பெறப்பட்டிருந்தன. பிழைப்புக்கு வழி தேட வேண்டிய நிலையில், பைசோ ஓஜிஎல்லின் கீழ் ஏற்கெனவே திறந்துவிடப்பட்ட மூன்றரைப் பதிப்பின் விதிகளை எடுத்துத் திருத்தி, 2009இல் 'பாத்ஃபைண்டர்' என்ற பெயரில் தனி விளையாட்டாக வெளியிட்டது. பழைய விதிகளை விரும்பியவர்கள் அதன் பின்னால் போனார்கள். கடை விற்பனைத் தரவரிசைகளில் 2011இல் பாத்ஃபைண்டர் முதலிடத்துக்கும் வந்தது.

சஞ்சிகைகளைத் திரும்பப் பெற முடிந்தது, இலச்சினையைத் திரும்பப் பெற முடிந்தது. திறந்துவிட்ட விதிகளைத் திரும்பப் பெற முடியவில்லை.

இன்னொரு பயனும் விளைந்தது. 1970களின், 1980களின் பழைய பதிப்புகள் அச்சில் இல்லாமல் போயிருந்தன. எஸ்ஆர்டியின் சொற்களைக் கொண்டு அந்தப் பழைய விளையாட்டுகளைப் புதிதாக எழுதிப் பல ஆர்வலர்கள் வெளியிட்டனர். 2006இல் வந்த 'ஒஸ்ரிக்' அவற்றுள் ஒன்று. உரிமையாளர் கைவிட்டதை வாசகர் காப்பாற்றிய கதை இது. அச்சில் இல்லாத நூல்களைத் தேடித் தேடி மின்வடிவாக்கிவரும் எமது நூலகம் திட்டத்தையும் மதுரைத் திட்டத்தையும் அறிந்த நாம் இதன் பெறுமதியை நன்கு உணர்வோம்.

2023: பறிக்கப்பட இருந்த உறுதி

2014இல் ஐந்தாம் பதிப்பு வந்தது. 2016இல் அதன் எஸ்ஆர்டியை விஸார்ட்ஸ் மீண்டும் ஓஜிஎல்லின் கீழ் வெளியிட்டது. இணைய ஒளிபரப்புகளால் விளையாட்டு முன்னெப்போதும் இல்லாத அளவு பரவியது. வெளிப் பதிப்பாளர்கள் பலர் முழுநேரத் தொழிலாக இதைச் செய்தனர். 2022 டிசெம்பரில் முதலீட்டாளர்களுக்கான நிகழ்வொன்றில், இவ்விளையாட்டிலிருந்து பெறக்கூடிய வருமானம் இன்னும் முழுமையாகப் பெறப்படவில்லை என்ற கருத்தை நிறுவனத் தலைமை வெளியிட்டது.

2023 ஜனவரி 5ஆம் திகதி, புதிய ஓஜிஎல் 1.1இன் வரைவைப் பற்றிய செய்தியை ஊடகவியலாளர் லின்டா கொடேகா கிஸ்மோடோ இணையத்தளத்தில் வெளியிட்டார். அதன்படி பழைய உரிமம் இனி 'அங்கீகரிக்கப்பட்டது' அல்ல. ஆண்டொன்றுக்கு 50,000 டொலருக்கு மேல் வருமானம் பெறுவோர் கணக்குக் காட்ட வேண்டும். 750,000 டொலரைத் தாண்டும் வருமானத்தில் 25 சதவீதம் வரை கட்ட வேண்டும். இலாபத்தில் அல்ல, வருமானத்தில். இதற்கு மேலாக, வெளியார் எழுதியதை விஸார்ட்ஸ் நிறுவனம் பணம் எதுவும் கொடுக்காமல் நிரந்தரமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற விதியும் இருந்தது. அந்த விதியில் 'மீளப்பெற முடியாதது' என்ற சொல் மறக்காமல் சேர்க்கப்பட்டிருந்தது. 2000இல் பிறருக்குக் கொடுத்தபோது எழுதாத சொல்லை, 2023இல் பிறரிடமிருந்து எடுக்கும்போது எழுதினார்கள்.

நிறுவனத்தின் சட்டத் தர்க்கம் 'அங்கீகரிக்கப்பட்ட' என்ற ஒரே சொல்லைச் சுற்றி இருந்தது. உரிமத்தின் அங்கீகரிக்கப்பட்ட எந்த வடிவத்தையும் பயன்படுத்தலாம் என ஓஜிஎல்லின் 9ஆம் பிரிவு கூறுகிறது. அப்படியானால் பழைய வடிவத்தின் அங்கீகாரத்தை நீக்கலாம் என்பது அவர்களின் வாசிப்பு. உரிமத்தை ஆக்கியோர் அந்த எண்ணத்துடன் எழுதவில்லை என டான்சி உட்படப் பலர் மறுத்தனர். எது சரி என்பதை எந்த நீதிமன்றமும் தீர்மானிக்கவில்லை. விடயம் அதற்கு முன்னரே வேறு வழியில் முடிந்தது.

வாடிக்கையாளர்கள் நிறுவனத்தின் இணையச் சேவைக்கான சந்தாவைப் பெருமளவில் நிறுத்தினர். ஜனவரி 12ஆம் திகதி, எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத புதிய உரிமமொன்றை உருவாக்கப்போவதாகப் பைசோ அறிவித்தது. சில வாரங்களில் 1,500க்கும் மேற்பட்ட பதிப்பாளர்கள் அதற்கு ஆதரவு தெரிவித்ததாகவும் கூறியது. ஜனவரி 19இல் விஸார்ட்ஸ் சற்று இளகிய வரைவொன்றை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. 15,000க்கும் அதிகமானோர் பதிலளித்தனர். அந்த உரிமத்தின் கீழ் வெளியிட விரும்பவில்லை என 88 சதவீதத்தினர் கூறியதாக நிறுவனமே அறிவித்தது.

ஜனவரி 27ஆம் திகதி விஸார்ட்ஸ் முழுமையாகப் பின்வாங்கியது. பழைய ஓஜிஎல்லில் கைவைக்கப்போவதில்லை என்றது. அத்தோடு ஐந்தாம் பதிப்பின் எஸ்ஆர்டி முழுவதையும் 'கிரியேட்டிவ் கொமன்ஸ் பிவை 4.0' உரிமத்தின் கீழும் வெளியிட்டது. அந்த உரிமத்தை விஸார்ட்ஸ் எழுதவில்லை. வேறோர் இலாப நோக்கற்ற அமைப்பு எழுதியது. அதில் 'மீளப்பெற முடியாதது' என்ற சொல் தெளிவாக இருக்கிறது. நிபந்தனையை மதித்து நடக்கும் எவரிடமிருந்தும் அந்த அனுமதியைக் கொடுத்தவர் திரும்பப் பெற முடியாது. 22 நாட்களில், அனுமதிப்பத்திரமாகிவிடும் என்று அஞ்சிய காணி உண்மையான உறுதியோடு கைக்கு வந்தது.

அதன் பின்னர்

பைசோ முன்னெடுத்த உரிமம் 'ஓர்க்' என்ற பெயரில் 2023 ஜூனில் இறுதி வடிவம் பெற்றது. ஒரு நூலிலுள்ள விளையாட்டு விதிகள் தாமாகவே பிறருக்குத் திறந்துவிடப்படும், கதையும் பாத்திரங்களும் உலகமும் எழுதியவருக்கே இருக்கும் என்பது அதன் அடிப்படை. கோபோல்ட் பிரஸ் என்ற வெளிப் பதிப்பாளர் இனி இன்னொருவரின் விளையாட்டை நம்பியிருப்பதில்லை எனத் தீர்மானித்து, 'டேல்ஸ் ஒஃப் த வேலியன்ட்' என்ற தனி விளையாட்டை 2024இல் வெளியிட்டார். விஸார்ட்ஸும் திருத்திய விதிகளைக் கொண்ட புதிய எஸ்ஆர்டியை 2025இல் அதே கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியிட்டது.

தமிழில் செய்ய முடியுமா?

நாம் வாழும் நாடுகளின் அனுபவம் இங்கே உதவும். சுவீடனில் 1982இல் வெளிவந்த 'டிராகர் ஒக் டெமோனர்', அமெரிக்காவின் கேயோசியம் நிறுவனத்திடம் உரிமம் பெற்றுச் சுவீடிஷ் மொழியில் ஆக்கப்பட்டது. ஜேர்மனியில் அமெரிக்க விளையாட்டுக்கான உரிமப் பேச்சு கைகூடாமல் போகவே, உல்ரிச் கீசோவ் என்பவரைக் கொண்டு 'டாஸ் ஷ்வார்ட்ஸ அவுகே' என்ற சொந்த விளையாட்டை 1984இல் உருவாக்கினார்கள். அவை அந்த மொழிகளில் தலைமுறைகளாக விளையாடப்படுகின்றன. ஒன்று பணம் கட்டி உரிமம் பெறுவது, மற்றது முதலிலிருந்து தாமே எழுதுவது. அன்று இந்த இரண்டு வழிகளே பொதுவாக இருந்தன. இரண்டுக்கும் முதலீடு வேண்டும்.

2023க்குப் பின் மூன்றாவது வழி திறந்திருக்கிறது. கிரியேட்டிவ் கொமன்ஸ் பிவை உரிமத்தின் கீழ் உள்ளதை எவரும் எந்த மொழியிலும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம், விற்கலாம். எவரிடமும் கடிதம் எழுதிக் கேட்கத் தேவையில்லை. பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலியன், ஸ்பானிய மொழி வடிவங்களை விஸார்ட்ஸே வெளியிட்டிருக்கிறது. தமிழில் ஒன்றை வெளியிட வேண்டுமானால் அதை நாம்தான் செய்ய வேண்டும், செய்வதற்குச் சட்டத் தடையும் இல்லை. மூல ஆவணத்தில் கொடுக்கப்பட்டுள்ள நன்றிக் குறிப்பை மாற்றாமல் சேர்த்தல், மாற்றங்கள் செய்தோம் எனக் குறிப்பிடல் என்பவையே முக்கிய கடமைகள். 'ஐந்தாம் பதிப்போடு பொருந்தும்' எனக் குறிப்பிடவும் அனுமதி உண்டு. ஆனால் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற பெயரும் இலச்சினையும் இதில் சேராது. எஸ்ஆர்டிக்கு வெளியேயுள்ள உலகங்களும் பாத்திரங்களும் அப்படியே.

தமிழ் எழுத்துருவுக்கும் இதே நியாயம்தான். கணினியில் இருக்கும் எல்லா எழுத்துருக்களையும் விற்பனை நூலில் பயன்படுத்த அனுமதி இருக்காது. நோட்டோ வரிசையின் தமிழ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன.

கதைக்கு நாம் எங்கும் போகத் தேவையில்லை. கண்ணகி கதையும் பழைய நாட்டார் கதைகளும் பொதுச் சொத்து. ஆயினும் அண்மைக்கால எழுத்தாளர் ஒருவர் அவற்றைத் தம் நடையில் எழுதிய நூல் அவருக்குரியது. இலங்கை, பிரித்தானியா, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் எழுத்தாளர் இறந்து 70 ஆண்டுகள் வரையும் இந்தியாவில் 60 ஆண்டுகள் வரையும் பதிப்புரிமை நீடிக்கிறது. கனடாவும் 2022 இறுதியில் 70 ஆண்டுகளுக்கு மாறியது. எமது பிள்ளைகளின் வாசகர்கள் எல்லா நாடுகளிலும் இருப்பதால் நீண்ட காலத்தையே கணக்கில் எடுப்பது பாதுகாப்பானது.

வெளியிடும் முன் கேட்க வேண்டியவை

பிள்ளை எழுதியதை வெளியிட முன்வரும்போது நாம் அருகிலிருந்து பின்வரும் கேள்விகளைக் கேட்போம்.

1. இந்த அனுமதியை யார் எழுதினார்? கொடுத்தவரே அதைத் தாம் நினைத்தபடி மாற்ற முடியுமா?

2. 'மீளப்பெற முடியாதது' என்ற சொல் இருக்கிறதா? 'நிரந்தரமானது' என்ற சொல் மட்டும் இருந்தால் இன்னும் ஒருமுறை வாசிக்க வேண்டும்.

3. நாம் பெறுவது என்ன என்பதைப் போலவே நாம் கொடுப்பது என்ன? பிள்ளையின் கதையையும் பாத்திரங்களையும் நிறுவனமோ பிறரோ பயன்படுத்தலாம் என எங்காவது எழுதியிருக்கிறதா?

4. வேறிடத்தில் விற்கலாமா? உதாரணமாக 2016இல் தொடங்கிய 'டிஎம்ஸ் கில்ட்' என்ற விற்பனைத் தளத்தில் விஸார்ட்ஸின் சொந்த உலகங்களையும் பாத்திரங்களையும் வைத்து எழுதலாம். விற்பனையில் பாதி எழுத்தாளருக்கு வரும். ஆனால் அங்கே வெளியிட்டதை வேறு கடையில் விற்க முடியாது. பிரபலமான உலகத்தின் வாசகர் கூட்டம் வேண்டுமா, முழுச் சுதந்திரம் வேண்டுமா என்பதை முதலே தீர்மானிக்க வேண்டும்.

5. கூட எழுதியவர், படம் வரைந்தவர் ஆகியோருடன் எழுத்தில் உடன்பாடு இருக்கிறதா? சிநேகிதர்களுக்கு இடையில் எழுத்து எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். சிநேகிதம் நிலைக்கத்தான் எழுத்து.

6. பிள்ளைக்கு 18 வயது ஆகிவிட்டதா? இல்லையென்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது யார், பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதைத் தெளிவாக்க வேண்டும். பெரிய தொகை சம்பந்தப்பட்டால் வதிவிட நாட்டின் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்பதே முறை.

7. நாமும் எதையாவது திறந்துவிடப் போகிறோமா? விதிகளைத் திறந்துவிட்டுக் கதையை வைத்துக்கொள்ளலாம். முழுவதையும் திறந்துவிடலாம். எதுவானாலும் நூலில் தெளிவாக எழுதிவிட வேண்டும். ஒருமுறை மீளப்பெற முடியாதபடி கொடுத்தால் அது எம்மையும் கட்டும்.

கையெழுத்திட்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பிந்தி அறிந்து வருந்தியவர்கள் எம்மில் அநேகர். காணியில், கடனில், வேலை ஒப்பந்தத்தில், வதிவிட விண்ணப்பத்தில் அந்த அனுபவம் எமக்கு உண்டு. தெரியாத மொழியில் எழுதிய படிவங்களைப் பிள்ளைகள்தான் எமக்கு வாசித்துச் சொன்னார்கள். இப்போது அவர்கள் ஆர்வமிகுதியில் வாசிக்காமல் 'சம்மதம்' என்ற பெட்டியை அழுத்தப் போகும் நேரத்தில், "பொறு பிள்ளை, ஒருக்கா வாசிப்பம்" என்று சொல்லும் முறை எம்முடையது.

அதற்கு முன், அடுத்த சனிக்கிழமை அந்த மேசையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து பார்ப்போம். அம்மம்மாவையும் கூப்பிடுவோம். கதை சொல்ல அவரை விடத் தெரிந்தவர் அந்த வீட்டில் வேறு யார்?